குதிரை முடி வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் ஆவணி மாதம், நல்ல முகூர்த்த நாளாக அமைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இடம், பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் போகிற சர்வீஸ் ரோடு. அந்த ரோட்டில் வெள்ளைக் கல்யாணக் குதிரை ஒன்று, பாதி அலங்காரத்தோடு, எங்கள் வீட்டு நாயைத் துரத்திக்கொண்டு பறந்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தக் குதிரைக்குப் பின்னால் ஓடினேன். இதைச் சொன்னால் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை. நீங்களாவது நம்புங்கள்.

முதலில் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் ஒரு கிரேஹவுண்ட். என் கணவருக்கு ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய மேலதிகாரி ஒருவர் வடக்கே மாற்றலாகிப் போனபோது, "ஒரு மாசம் மட்டும் வச்சுக்கோங்க, வீடு பார்த்ததும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று விட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. நாயின் பெயரைச் சொன்னால் அண்ணனூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் நாங்கள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் 'பயல்' என்றே வைத்துக்கொள்வோம்.

கிரேஹவுண்ட் என்றதும் எல்லோரும் கேட்பது, "நல்லா ஓடுமே?" என்பதுதான். எங்கள் பயல் ஓடி நான் பார்த்ததே இல்லை. காலையில் கீழே போய் இரண்டு சுற்று நடப்பான். பிறகு மாடியேறி வந்து சோபாவில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து படுத்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற உடம்பு. "சோறு கீறு போடறீங்களா இல்லையா?" என்று லிஃப்டில் விசாரிக்காத ஆள் இல்லை. எங்கள் இருவருக்கும் ஆகிற சாப்பாட்டுச் செலவு அவன் ஒருவனுக்கே ஆகிறது என்று எத்தனை பேரிடம்தான் விளக்குவது?

அவனைக் குளிப்பாட்டும்போதுதான் வலது பின்தொடையில் அந்தக் கட்டி என் கையில் தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு. அதன்மேல் மட்டும் முடி இல்லாமல் ரோஸ் நிறத்தில் இருந்தது. என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, மரு என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சில நாள் பெரிதாகத் தெரியும், சில நாள் அமுங்கிப் போயிருக்கும். அமுங்குகிற நாளில், "பார்த்தியா, தானா கரையுது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொள்வோம். ஆனால் கரையவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது முன்பைவிடக் கொஞ்சம் தடித்திருக்கும்.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். சின்ன வயதில் எனக்குக் கழுத்தில் ஒரு மரு இருந்தது. பழநியில் ஜட்கா வண்டிக் குதிரையின் வால் முடியை வாங்கி அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். கொஞ்ச நாளில் சுருங்கி, கறுத்து, தலை துவட்டும்போது துண்டோடு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாத வீடு கிடையாது. எனக்கு விழுந்த மரு பயலுக்கு மட்டும் விழாதா? டாக்டரிடம் போகலாமா என்று என் கணவர் இழுத்தார்தான். ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்குகிறவனை ஒரு மருவுக்காகப் போய் அலைக்கழிப்பதா என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

சரி, குதிரை முடிக்கு எங்கே போவது? இணையத்தில் தேடினால் வயலின் வில்லுக்கு என்று கட்டுக் கட்டாகக் காட்டியது. கடைசியில், கூட வேலை பார்ப்பவர் வீட்டு வரவேற்பில் பார்த்த சாரட்டு வண்டி என் கணவருக்கு நினைவு வந்தது. அவர்களிடம் கேட்டு, குதிரைக்காரரின் போன் நம்பரை வாங்கினார். "ஞாயித்துக்கெயம வா சார், நாயையும் இட்டுகினு வா, நானே புட்சிக்கிறேன், கட்டிடலாம்" என்று அந்த மனிதரும் உற்சாகமாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒரே குஷி.

தகரக் கொட்டகைக்கு முன்னால் குதிரை நின்றுகொண்டிருந்தது. முதுகில் கண்ணாடி பதித்த சிவப்பு வெல்வெட், காலில் சலங்கை, தலையில் இறகுக் குஞ்சம். பூந்தமல்லியில் ஒரு மண்டபத்துக்கு மாப்பிள்ளையைச் சுமக்கப் போக வேண்டியது. குதிரைக்காரருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அவரும் ஜரிகைக் கோட்டும் சிவப்புத் தலைப்பாகையுமாக, அவர்தான் மாப்பிள்ளை என்கிற தோரணையில் இருந்தார்.

"மருவுக்குத்தான சார்? எங்க ஊட்லயும் கட்டுவாங்கோ. வால்ல இல்லாத முடியா, எடுத்துக்கோ. இவ ஒதைக்கமாட்டா, தங்கம்" என்று நீளமாகச் சில முடிகளைப் பறித்து என் கணவரின் கையில் கொடுத்தார்.

என் கணவர் முடியை விரலில் சுற்றிக்கொண்டு, முனையில் சுருக்குப் போட்டார். குதிரைக்காரர் பயலின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் மண்டியிட்டுக் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா செல்லம், ஒண்ணுமில்ல" என்று கொஞ்சிக்கொண்டிருந்தேன். சுருக்கு, கட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டது. இழுத்து இறுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, அவன் காதுக்குப் பக்கத்தில் குதிரை ஒரு தும்மல் போட்டது.

கிரேஹவுண்டுக்குக் கழுத்தைவிடத் தலை ஒல்லி. சாதாரணப் பட்டை போட்டால், பின்வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாலே கழன்றுவிடும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டை என் கையில் இருந்தது. நாய் இல்லை. தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் கொட்டகையைத் தாண்டி, கரும்பு ஜூஸ் வண்டியைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தான்.

அப்பப்பா, என்ன ஓட்டம்! அந்தப் பதற்றத்திலும் ஒரு நொடி எனக்கு மெய் சிலிர்த்தது. எங்கள் வீட்டுச் சோபாவில் குறட்டை விடுகிறவனா இவன்? நாலு காலும் ஒன்றாகச் சேர்கிறது, விரிகிறது, தரையைத் தொட்டானா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் அவன் போன திசையில்தான் நெடுஞ்சாலைக்குள் நுழைகிற வழி. அங்கே கன்டெய்னர் லாரியும் ஆம்னி பஸ்ஸும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. நான் அலறிக்கொண்டே ஓட ஆரம்பித்தேன்.

"ஐயோ, மெயின் ரோட்டாண்ட போறான் சார்!" என்று கத்திக்கொண்டே குதிரைக்காரர் ஒரு தாவு தாவினார். அடுத்த நிமிஷம் அவர் குதிரை மேலே இருந்தார். சலங்கை ஜல் ஜல்லென்று அதிர, என்னைத் தாண்டிப் போனது குதிரை. வெல்வெட் ஒரு பக்கம் சரிந்தது. குஞ்சம் எங்கேயோ விழுந்தது. அந்த மனிதர் நாயைப் பிடிக்கப் போகவில்லை. அவனை ஒட்டினாற்போலப் போய், நெடுஞ்சாலைப் பக்கமாகவே முந்தி, உள்ளே நுழைகிற அந்த வழிக்கு நேர் குறுக்கே குதிரையை நிறுத்திவிட்டார். "தே! தே! அப்டி திரும்பு நைனா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு தண்ணீர் லாரியே பிரேக் அடித்து நின்றுவிட்டது. பயல் சட்டென்று திரும்பி, பக்கத்தில் இருந்த காலி மனைக்குள் பாய்ந்தான்.

வீல் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது சீமைக் கருவேலம் புதருக்கும் அறுந்த முள்கம்பிக்கும் நடுவில் நின்று இளைத்துக்கொண்டிருந்தான். வலது தொடையில் தோல் காகிதம் மாதிரிக் கிழிந்து தொங்கியது. ஒரே ரத்தம். எனக்கு அழுகையைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

குதிரைக்காரர் இறங்கி வந்து தன் தலைப்பாகையை அவிழ்த்துத் தொடையைச் சுற்றினார். "அயாத மா. இத்த கெட்டியா அமுக்கிப் புடி. உயிருக்கு ஒண்ணியும் இல்ல." அவர் சட்டைப் பையில் போன் விடாமல் அடித்தது. எடுத்து, "வந்துகினே கீறேன் பா! மாப்ளைய இன்னும் ரெண்டு போட்டோ எட்த்துக்கச் சொல்லு!" என்று வைத்துவிட்டு, எங்களிடம் திரும்பினார். "நம்ம குதிரைக்குப் பாக்கற டாக்டரம்மா பூந்தமல்லிலதான் கீறாங்கோ. நான் போன் போட்டுச் சொல்லிர்றேன், நீ கெளம்பு சார்."

பூந்தமல்லி முழுக்க அன்று கல்யாணம். மண்டபத்துக்கு மண்டபம் கார் நிற்க, எங்கள் வண்டி ஊர்ந்துதான் போனது. பின்சீட்டில் பயலின் தலை என் மடியில். சிவப்புத் துணியாக இருந்ததால் ரத்தம் நின்றதா இல்லையா என்றும் தெரியவில்லை. என் கணவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வாசலிலேயே காத்திருந்தார். மரத்துப் போக ஊசி போட்டு, காயத்தைச் சுற்றி முடியை மழித்தவர், கட்டியைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"இது எப்போலேருந்து இருக்கு?"

"அது வெறும் மரு டாக்டர். அதுக்கு முடி கட்டத்தான் போனோம்" என்றார் என் கணவர். குதிரை முடி அப்போதும் அவர் விரலில் சுற்றியே இருந்தது. அதைத் தூக்கிக் காட்டவும் செய்தார்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "கட்டிட்டீங்களா? இறுக்கினீங்களா?"

"இறுக்கறதுக்குள்ள ஓடிட்டான்."

"நல்லவேளை ஓடினான்" என்றார் அவர்.

தையல் போட்டு முடித்ததும், கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்தி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயத்தில் முக்கி, அங்கேயே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமாக இருந்த செல்களுக்குள் ஊதா நிறத்தில் கசகசாவைக் கொட்டியது மாதிரிப் புள்ளிகள். அது மரு இல்லை, ஒரு வகைப் புற்றுக்கட்டி. அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கிற ரசாயனம்தான் ஆபத்தாம். கட்டியை நசுக்கினாலோ இறுக்கினாலோ அது மொத்தமாக வெளியே கொட்டும், உடம்பு வீங்கும், சில நாய்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றார். பெரிதாவதும் அமுங்குவதும்கூட அதனால்தான் என்றார். நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்ட அதே அமுங்கல்.

"பயப்படாதீங்க. சீக்கிரம் எடுத்துட்டா நல்லபடியா ஆயிடும். ஆனா இந்தச் சாதிக்கு மயக்க மருந்து ரொம்பப் பார்த்துத்தான் தரணும், உடம்புல கொழுப்பே இருக்காது" என்றார் டாக்டர்.

"இவனுக்கா கொழுப்பு இல்ல? வீட்டுக்கு வந்து பாருங்க டாக்டர்" என்று என் கணவர் சிரிக்கப் பார்த்தார்.

அடுத்த வாரமே ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து அவன் கண்ணைத் திறக்கும் வரை நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் வால் நுனியை மட்டும் லேசாகத் தட்டினான். கட்டியைச் சுற்றி ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, எடுத்த சதையை லேபுக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்தால் மறுபடி முதலிலிருந்து.

முடிவு வந்தபோது நான் சென்ட்ரலுக்குப் போகிற மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், நசுங்கிக்கொண்டு நின்றிருந்தேன். போனில் டாக்டர், "ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. ரொம்ப வீரியமான வகையும் இல்ல" என்றதும், "நல்லா இருக்கானா? என் புள்ள நல்லா இருக்கானா?" என்று கத்தியே விட்டேன். ஓவென்று அழுகை வேறு. பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து உட்கார இடம் கொடுத்தார். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். "கொயந்தைக்கு இன்னா வயசு மா?" என்று பூக்கார அம்மா என் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நாய் என்று சொன்னேன். பெட்டியில் எல்லோரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அதுவும் புள்ளதான், வுடு" என்று அந்த அம்மா ஒரு முழம் பூவைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.

புதுத் தலைப்பாகைத் துணி ஒன்றை வாங்கிக்கொண்டு குதிரைக்காரரைப் பார்க்கப் போனோம். குதிரை தாமதமாக வந்ததற்கு மாப்பிள்ளை வீட்டில் சண்டை போட்டார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அத்த வுடு மா, பொண்ணுக்கு மேக்கப்பே முடியல" என்று சிரித்தார். கட்டியைப் பற்றிச் சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது. "நான்தான மா அவன இறுக்கிப் புட்சிகினு இருந்தேன்" என்றார். பிறகு திரும்பி, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார்.

பயல் இப்போதும் சோபாவில்தான் கிடக்கிறான். தொடையில் முடி முளைக்காத நீளத் தழும்பு ஒன்று. வாரம் ஒருமுறை அவன் உடம்பு முழுக்க விரலால் தடவிப் பார்க்கிறேன். தட்டுப்படுவது பட்டாணி அளவு என்றாலும் நேரே டாக்டரிடம்தான். அன்றைக்கு அவன் லாரியிடமிருந்து தப்பியதை எல்லோரிடமும் கதை கதையாகச் சொல்கிறேன். ஆனால் தனியாக இருக்கும்போது என் நினைவுக்கு வருவது லாரி இல்லை. மண்டியிட்டு, கொஞ்சிக்கொண்டே அவன் கழுத்தைப் பிடித்திருந்தேனே, அதுதான். எங்கள் மூன்று பேருக்குமே அவன்மேல் பாசம்தான், கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. அவன் அன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடித் தப்பித்தது அந்தப் பாசத்திடமிருந்துதான்.