டபுள்ஸில் பின்னால் நின்றவன்

மதுரையிலிருந்து பேரையூர் வரைக்கும் ஐந்நூறு மேடையில் ஜோடி ஆட்டம் ஆடியவன் நான். என் காலுக்கு ஈடு கொடுக்க இன்னொரு ஆம்பளை பிறக்கவில்லை.

பொய். பதினொரு மேடை. ஐந்நூறு மேடை ஏறியது நிஜம்தான், ஆனால் மற்றதெல்லாம் பபூன் வேஷம். குல்லாயை மாட்டிக்கொண்டு விழுவதும் எழுவதும்தான் வேலை. ஜோடி ஆட்டம் ஒரே ஒரு வருடம், ஒரே ஒருத்தியோடு. இன்னொரு ஆம்பளை பிறந்தானா என்று நான் போய் விசாரிக்கவும் இல்லை.

எங்களுடையது ரெக்கார்டு டான்ஸ் கம்பெனி. கோவில் திருவிழாக்களில் மேடை போட்டு, இசைத்தட்டைச் சுழலவிட்டு, அந்தப் பாட்டுக்கு ஆடுவோம். அவள்தான் கம்பெனியின் பெரிய ஆட்டக்காரி. அவள் வந்தால் கூட்டம் விசிலடிக்கும். நான் வந்தால் பீடி பற்றவைக்கும். திருவிழா இல்லாத மாதங்களில் அவள் வீட்டில் அப்பளம் போடுவாள், நான் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவேன். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறேன், வாத்தியார் விரட்டிவிட்டார். சுவரொட்டியைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன், அதுவும் பிற்பாடு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் ஓனர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"எல்லாக் கம்பெனியும் ஒரே ஆட்டம் ஆடுறாய்ங்க. நம்ம இங்கிலீஷ் ஜோடி ஆட்டம் விடுவோம். டவுன்ல ஒரு கறுப்பு வெள்ளப் படம் ஓடுது, காலைக் காட்சி, நாலு நாளைக்குத்தான். போய்ப் பாத்துட்டு வந்து ஆடுங்க."

"கதை நல்லாருக்குமாண்ணே?" என்றேன்.

"கதை என்னத்துக்குடா ஒனக்கு? கால மட்டும் பாரு. நீ ஆம்பள கால, அவ பொம்பள கால."

நான்கு நாளும் போனோம். அப்போதெல்லாம் பெஞ்சு டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயரத்தில் ஒரு சுவர் உண்டு. அவள் சுவருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒன்றாகப் போய்த் தனித்தனியாகப் படம் பார்த்தோம். படத்தில் அந்த ஆட்டம் மூன்று நிமிடம்கூட வராது. ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் தோளோடு தோள் நிற்பார்கள். ஒரு காலைப் பின்னால் வைத்து மறு காலை முன்னால் உதறுவார்கள். முழங்கால் மடங்கும், கைகள் காற்றைத் துழாவும். தேள் கொட்டினவன் சந்தோஷமாக இருந்தால் எப்படியிருப்பான், அப்படி. அதற்குச் சார்ல்ஸ்டன் என்று பெயர் என்பது பல வருடம் கழித்துத்தான் காதில் விழுந்தது. நாங்கள் அதற்குள் எங்கள் பெயரை வைத்துவிட்டோம்.

பெயர் வைக்காமல் முடியாது. இரண்டு பேருக்கும் எழுதத் தெரியாது. படம் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து, மறப்பதற்குள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பேரைச் சொல்லி வாயில் போட்டுக்கொள்வோம். காலை உதறுவது ‘உதைகால்.’ முழங்காலைத் தூக்கி, விரலால் தூரத்தில் எதையோ காட்டுவது ‘பஸ் வருது.’ எதிரும் புதிருமாக நின்று கைகளை மாற்றி மாற்றித் தள்ளி இழுப்பது ‘அடிபம்பு.’ அந்தப் பேரை வைத்தவள் அவள்தான். அவர்கள் தெருவில் புதிதாக அடிபம்பு போட்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வைகை மணலில் இறங்கிப் பழகினோம். பார்க்க ஆளில்லை, நான்கைந்து கழுதைகள் மட்டும். தோளோடு தோள் நின்றோம். "உதைகால்" என்றேன். உதைத்தோம். என் கால் அவள் முழங்கால் எலும்பில் போய் இடித்தது. மறுபடியும் உதைத்தோம், மறுபடியும் இடித்தது. மூன்றாவது தடவை அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ் பபூனு, நான் வலது கால எடுக்கிறேன். நீ எதுக்கு வலது கால எடுக்கிற?"

"படத்துல அப்படித்தான எடுத்தாக."

"நீ யாரு கால பாத்த?"

"ஆம்பள கால."

"அழகர் மேல சத்தியமா?"

சாமியை இழுத்ததும் எனக்குப் பொய் வரவில்லை. "பொம்பள கால" என்றேன்.

"நாலு நாளுமா?"

"நாலு நாளும்."

அவள் சிரித்த சிரிப்பில் ஒரு கழுதை திரும்பிப் பார்த்தது. படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. ஆம்பளை கால் எப்படிப் போனது என்று கேட்க மதுரையில் ஒரு ஆள் கிடையாது. அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "சரி, எம் பின்னால வந்து நில்லு."

நின்றேன். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினாள், பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். "உதைகால்" என்றாள். இரண்டு வலது கால்களும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன, இடிக்கவில்லை. ஒரே ஆளுக்கு நான்கு கால் முளைத்த மாதிரி இருந்தது.

"சைக்கிள்ல டபுள்ஸ் போற மாதிரியே இருக்குய்யா" என்றாள். பேர் விழுந்துவிட்டது: டபுள்ஸ்.

படத்தில் இல்லாத அந்த அடிதான் எங்கள் ஆட்டத்தில் பேர் வாங்கியது. ஓனர் பழைய சாமான் கடையில் பொறுக்கிய இங்கிலீஷ் இசைத்தட்டில் ஒரு கீறல் உண்டு. ஊசி அந்த இடத்தில் மூன்று தடவை குதித்துத்தான் நகரும். அந்த மூன்று குதிக்கும் டபுள்ஸிலேயே நிற்போம். குழாய் ஸ்பீக்கர் அலறுகிற அலறலில் ஒன்றும் கேட்காது, அதனால் அடுத்த அடியின் பேரை அவள் காதுக்குப் பின்னால் வாயை வைத்துச் சொல்வது என் வேலை. ஆடும்போது அவள் முகம் எப்படியிருக்கும் என்று ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் கொண்டையும் பிச்சிப்பூவும் பவுடர் பாதி ஒட்டின கழுத்தும்தான். ஆட்டம் முடிந்து என் அறைக்குப் போனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. தோளுயரத்திலேயே நிற்கும். எனக்குச் சொந்தமென்று அங்கே காத்திருந்தது ஒரு மண்பானையும் ஒரு பாயும்.

வைகாசியில் அவளுக்குப் பேரையூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். திருமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்த் திருவிழாதான் கடைசி மேடை என்று சொன்னாள். பதினொன்றாவது. அவள் சந்தோஷமாகச் சொன்னாளா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. கழுத்தைப் பார்த்தே பழகினவனுக்கு முகம் படிக்க வருமா?

ஒரு முடிவுக்கு வந்தேன். நேருக்கு நேர் சொன்னால் சிரித்துவிடுவாள், பபூன் என்ன சொன்னாலும் சிரிப்புத்தான். டபுள்ஸில் சொல்லிவிடுவது. வாய் எப்படியும் காதுப் பக்கம்தானே இருக்கப்போகிறது. மூன்று குதி போதும். ‘என்னையக் கட்டிக்கிறியா’ என்பதை மார்க்கெட்டில் மூட்டைக்கு அடியில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

கடைசி மேடை அன்றைக்குச் சாயங்காலம் டபுள்ஸ் வந்தது. கீறலும் வந்தது. ஊசி குதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நகரவில்லை! நான்கு, ஐந்து, ஆறு. கோவிலும் ஓனரும் சேர்ந்து எனக்கு நேரம் கொடுத்த மாதிரி அதே இடத்திலேயே நின்று குதித்தது. நாங்களும் உதைத்துக்கொண்டே இருந்தோம். கூட்டம் கைதட்டியது. மூச்சை இழுத்தேன். அவள் தலையை லேசாகப் பின்னால் சாய்த்தாள்.

"அடிபம்பு" என்றேன்.

திரும்பி நின்று கையைக் கொடுத்தாள். தள்ளினோம், இழுத்தோம். ஓனர் ஊசியைத் தட்டிவிட்டார். ஆட்டம் முடிந்தது.

மேடைக்குப் பின்னால் அவள் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டிப்போக அவள் அண்ணன் வேன் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

"யோவ், ஊசி மாட்டுனப்ப என்னமோ சொல்ல வந்த."

"அடிபம்புன்னேன்."

"அது அப்பறம் சொன்ன. அதுக்கு முந்தி மூச்ச இழுத்தியே. எங் கழுத்துக்குத் தெரியாதா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

"டேய் பபூனு! ஸ்பீக்கரக் கழட்டாம அங்க என்னடா பேச்சு?" ஓனர் கத்தினார்.

"இந்தா வாரேண்ணே!" என்று ஓடினேன். பிழைத்தோம் என்றுதான் ஓடினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. மூங்கில் கம்பத்தில் ஏறிக் குழாயைக் கழற்றக் கால் மணி ஆகும். அன்றைக்கு அந்த முடிச்சை அவிழ்த்து, கட்டி, மறுபடி அவிழ்த்தேன். மேலேயிருந்து பார்த்தேன். அவள் வேன் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் தனியாக ஒரே ஒரு உதைகால் போட்டாள். பிறகு ஏறிவிட்டாள்.

இப்போது நான் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடுகிறவன். முகூர்த்தம் முடிந்து எல்லாரும் போனபின் அந்தப் பெரிய தரையில் ஒரு டபுள்ஸ் போடுவேன். முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் விட்டுத்தான் ஆட வருகிறது. இடத்தை அடைத்து ஆடினால் கால் தடுக்குகிறது. அன்றைக்கு அவளிடம் வாயால் சொல்ல வராததை இங்கே எழுத்திலாவது எழுதிவிடலாம் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். அவள் கேட்டதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: ஏ புள்ள, என்னைய

"அண்ணே! எலக்கட்டு வந்துருச்சு, எறக்க ஆளில்ல. அங்க ஒக்காந்து என்னண்ணே எழுதுறீக?" சமையல்கட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

இந்தா வாரேன்.