வேம்பு முந்திப் பூத்த பங்குனி

காரைக்குடியில் எங்கள் தெருவில் பதினோரு வேப்பமரங்கள். அவற்றில் முதல் பூ விரியும் நாளை எட்டு ஆண்டுகளாக நாட்குறிப்பில் எழுதி வந்தேன். காரணம் என் மனைவி. பூ விரிந்த மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். வைத்தியர் சளி என்றே சொல்லி வந்தார். குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் காற்றில் வரும் மகரந்தப் பொடியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எட்டு ஆண்டுகளும் பூத்தது பங்குனி இருபதுக்கு மேல்தான். ஆகவே அம்மன் கோயில் திருவிழா முடிந்ததும், பதினேழாம் தேதி வாக்கில், அவளை ஒக்கூரில் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அங்கே வீட்டைச் சுற்றி வயலும் பனையும்தான்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை பொய்த்தது. மார்கழிப் பனி பத்து நாளில் நின்றது. மாசிப் பாதியிலேயே முற்றத்துக் கல்லில் நண்பகலுக்கு முன்பே கால் வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன், எழுதியதோடு சரி. மாசி இருபத்தாறாம் தேதி, வாசல் கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி மரத்தில் மொட்டு வந்துவிட்டதென்றாள். கோயிலில் காப்புக் கட்ட இரண்டு நாளே இருந்தது. கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் எவரும் வெளியூரில் தங்கக் கூடாது. போவதானால் அதற்குள் போய்விட வேண்டும். நான் பழைய நோட்டுகளைப் புரட்டிவிட்டு, இன்னும் இருபது நாளுக்கு மேல் இருக்கிறது, நீ கொழுந்தைப் பார்த்து மொட்டென்கிறாய் என்றேன்.

"நோட்டை இத்தனை தடவ பாக்குறீக, மரத்த ஒரு தடவ நிமிந்து பாருங்க. அது என்ன ஒங்க நோட்டைப் படிச்சுட்டா பூக்குது?"

சிரித்துவிட்டுப் போனேன்.

பங்குனி மூன்றாம் தேதி தெரு முழுக்கப் பூ. ஐந்தாம் தேதி இழுப்பு. கதவுகளை அடைத்தோம், நொச்சி ஆவி பிடித்தோம், எதற்கும் அடங்கவில்லை. திருவிழாவுக்காக வாசல் நிலையில் கட்டியிருந்த வேப்பங்கொத்திலும் பூ இருந்தது. அதை அவிழ்க்க அவள் விடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே மூன்று நாள் கழித்தாள். எட்டாம் தேதி வண்டி பூட்டச் சொன்னேன். அவள் எழ மறுத்தாள்.

"காப்புக் கட்டியிருக்கு. நான் எல்லையத் தாண்டி, நாளைக்குத் தெருவுல யாருக்காச்சும் அம்மை போட்டா, என்னையத்தான சொல்லுவாக?"

இதைச் சொல்லி முடிக்க நான்கு முறை மூச்சுக்காக நிறுத்தினாள். அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் உட்காரவைத்தேன். ஊர் எல்லை தாண்டும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஒக்கூரில் மூன்றாம் நாள் படுத்துத் தூங்கினாள். தெருவில் யாருக்கும் அம்மை வரவில்லை. ஆனால் வரக்கூடுமென்று நான் காரைக்குடிக்குத் திரும்பிப் போய்த் தினமும் வீடு வீடாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறு ஆண்டு மழை நன்றாகப் பெய்தது. வேம்பு வழக்கம்போல் இருபத்திரண்டாம் தேதி பூத்தது. இருந்தும் நான் மாசி பிறந்ததுமே அவளை அனுப்பிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். நான்கு ஆண்டுகளாக அவள் முளைப்பாரி எடுக்கவில்லை, தேரையும் பார்க்கவில்லை. இந்த மாசியில் துணிகளை மடித்துக்கொண்டே, மழை நல்லாத்தானே பெய்தது, பூ பிந்தித்தானே வரும் என்று கேட்டாள். நான் நோட்டையும் புரட்டவில்லை, மரத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டி பூட்டச் சொன்னேன்.