வெள்ளைக் கோடு

சுனாமி எங்கள் கல்லடி வீட்டைக் கொண்டுபோனபோது என் தையல் மெசினும் அதோடு போனது. வீட்டுக்காக அழுதேன், மெசினுக்காக அழவில்லை. எனக்குத் தையல் பிடிக்காது. முகாமில் ஓர் உதவி நிறுவனம் பெண்களுக்குத் தையலும் ஆண்களுக்கு ரேடியோ, டிவி திருத்தும் வேலையும் பழக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், நான் நேரே டிவி வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பழக்க வந்தவர் ஏறாவூர் முஸ்லிம் ஒருவர்; அண்ணன் முறைக்கு எல்லோரும் அவரை ‘நானா’ என்போம். சவூதியில் பல வருடங்கள் அந்த வேலை செய்துவிட்டு ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். என்னைக் கண்டதும், “தங்கச்சி, தையல் வகுப்பு பக்கத்துக் கொட்டில்ல” என்றார்.

“தெரியும் நானா. நான் இதுக்குத்தான் வந்த.”

அவர் பழைய ரேடியோ ஒன்றைக் கையில் தந்து, “கழட்டுங்க” என்றார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் கிழமை ஆண்கள் சிரித்தார்கள். வயர்களை ஒட்ட நான் வைத்த ஈயப்பொட்டுகள் அவர்களுடையதை விடச் சுத்தமாக இருப்பதைக் கண்ட பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். படித்து முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு கருவிப் பெட்டி தந்தார்கள். எங்களுக்குத் தன்னாமுனையில் வீடு கிடைத்தபோது அந்தப் பெட்டியையும் கொண்டுபோனேன். பிள்ளைப்பேறு, சமையல், வீட்டு வேலை என்று வருடங்கள் போக, அது அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

யுத்தம் வன்னியில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. என் தங்கை அங்கே கிளிநொச்சியில் கலியாணம் முடித்தவள். பல மாதங்களாக அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. டிவியில் சனம் மூட்டை முடிச்சுகளோடு தண்ணீருக்குள்ளால் நடந்து வருவதைக் காட்டுவார்கள். அம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். செய்தி நேரத்தில் கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப்போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் படம் சட்டென்று சுருங்கி, திரைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. குரல் கேட்டது. ஆட்களைக் காணவில்லை.

“ஐயோ, முகம் தெரியல்லியே புள்ள” என்று அம்மா எழும்பிவிட்டார்.

என் கணவர் மேசன் வேலை முடிந்து வந்து பார்த்தார். “இது பழசாப் போயிற்று. சம்பளம் வந்த உடனே புதுசு ஒண்டு எடுப்பம்” என்றார்.

“அதுவரைக்கும் அம்மா என்னத்தப் பாக்கிற? குரல் வருது, வெளிச்சம் வருது. படத்த மேலயும் கீழயும் விரிக்கிற இடத்திலதான் பிழை இரிக்கு. நான் திருத்திறன்.”

“நீயா?”

“ஓம், நான்தான்.”

அடுத்த நாள் டிவியின் வயரைக் கழற்றி, முன் அறையில் பாய் விரித்து அதன்மேல் வைத்தேன். வயரைக் கழற்றினாலும் படக்குழாய்க்குள் கரண்ட் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கி எறியும் என்று நானா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதலில் அந்தக் கரண்டை அவர் காட்டித்தந்தபடியே வெளியே இறக்கினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னப் பொறி. அம்மா இரண்டடி பின்னுக்குப் போனார். எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் கை பழையபடி உறுதியாகிவிட்டது.

உள்ளே தூசியும் பல்லி முட்டையும். பலகையைத் திருப்பி டோர்ச் அடித்துப் பார்த்தேன். நான் நினைத்த இடத்திலேயே, சூடேறும் ஓர் ஐசியின் கால்களைச் சுற்றி ஈயம் மோதிரம் போல வெடித்திருந்தது. பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். மூடாமலே போட்டுப் பார்த்தால் படம் வந்தது, ஆனால் பாதிதான். செய்தி வாசிப்பவரின் தலை நசுங்கிப்போயிருந்தது.

“இது போதும், விடு” என்றார் கணவர்.

“பாதி முகத்த வைச்சு ஆள அடையாளம் பிடிக்க ஏலுமா?”

பக்கத்திலேயே ஒரு கொண்டென்சர் தலை வீங்கி நின்றது. அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினேன். நானா கடையில் இருந்தார். என்னை மறக்கவில்லை.

“டிவிய இஞ்ச கொண்டு வந்திருக்கலாமே தங்கச்சி?”

“வேணாம் நானா. சாமான மட்டும் தாங்க.”

அவர் சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவுக்குள் தேடி எடுத்துத் தந்தார். அன்று பின்னேரச் செய்திக்கு முன்பே படம் திரை முட்ட விரிந்து நின்றது. கணவர் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா கதிரையை இழுத்துப்போட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அம்மா, “அதோ, நீலச் சாறி, அவள்தான்!” என்று கத்தினார். நான் திரும்புவதற்குள் காட்சி மாறிவிட்டது. அவள்தான் என்று அம்மா சாதித்தார். அன்றைக்குத்தான் பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

யுத்தம் முடிந்து சில கிழமைகள் கழித்து வவுனியா முகாமிலிருந்து யாருடையதோ போனில் தங்கை பேசினாள். அவளும் மகளும் உயிரோடு இருந்தார்கள். அவளுடைய கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அழுது ஓய்ந்ததும் அம்மா கேட்டார்: “நீலச் சாறியோட டிவில வந்தது நீதானே மகள்?”

“என்னட்டச் சாறியே இல்லம்மா. உடுத்த சட்டையோடதான் வந்த.”

அம்மா போனை என்னிடம் தந்துவிட்டு, “பரவாயில்ல. அந்தப் புள்ளையும் ஏதோ ஒரு தாய்க்காக உசிரோட தப்பியிருக்கும்” என்றார்.

முகாமிலிருந்து விட்டதும் தங்கையும் மகளும் எங்களிடம் வந்தார்கள். செய்தி தொடங்கினால் தங்கை எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். நாங்களும் அந்த நேரத்தில் டிவியை நிற்பாட்டப் பழகினோம். பாட்டுப் போகிற நேரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்காருவாள்.

இதற்கிடையில் நான் டிவி திருத்திய கதை ஊருக்குள் பரவி, பக்கத்து வீட்டு டிவி வந்தது. பிறகு கோயிலடியிலிருந்து ஒன்று, கடற்றொழிலுக்குப் போகிற ஒருவருடைய ரேடியோ. பாய் போதவில்லை. கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீமெந்து குழைத்து, கல் அடுக்கி, முன் யன்னலுக்குக் கீழே எனக்கு ஒரு மேசை கட்டினார்.

“உயரம் சரியா?” என்று கேட்டார்.

கையை ஊன்றிப் பார்த்தேன். “இன்னும் ஒரு கல்லு வைங்க” என்றேன்.