தமிழில் பேசிய இன்ஸ்பெக்டர்

இந்த மலாய் நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்த விஷயம் ஒன்று உண்டு. கைப்பேசி அலறும், யாரும் எடுக்க மாட்டார்கள். தெரியாத எண் என்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அறந்தாங்கியில் என் அப்பா, தவறி வந்த அழைப்பைக்கூட உடனே வைக்க மாட்டார். சாப்பாடு ஆயிற்றா, அங்கே மழை உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவார். இங்கே மனிதருக்கு மனிதர் மேல் இவ்வளவு அலட்சியமா என்று நினைத்தேன். கல்யாணமாகி புக்கிட் பெலிம்பிங் வந்து ஆறு வருடம் ஆகிறது. அது அலட்சியமல்ல, அடிபட்டவர்களின் பழக்கம் என்று போன மாதம்தான் விளங்கியது.

பக்கத்து வீட்டு அருள்மேரி அக்கா தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் இறந்துவிட்டார். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். அன்று பள்ளி விடுமுறை. இருவரும் சந்தைக்குப் போவதாக இருந்தோம். நேரமாகியும் ஆள் வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். கிரில் கதவுக்குப் பின்னால் வீட்டு உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். தோளில் மாதா கோயிலுக்கு எடுத்துப் போகும் பை, காதில் கைப்பேசி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீ போ தேவி. நான் பேங்குக்குப் போவணும்."

"இந்த உடுப்போடயா? என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல லா. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அந்த ஒரு வாக்கியம் போதும். எங்கே கேட்டாலும் ஓடிப்போய்த் தடுங்கள். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போனேன். இன்னும் துண்டிக்காத கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். அவர் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருளாம், பிடிவாரண்ட் வந்துவிட்டதாம். முதலில் ஒருவன் மலாயில் மிரட்டியிருக்கிறான். பிறகு இன்ஸ்பெக்டர் என்று இன்னொருவன் வந்து, "நானும் நம்ம ஆளுதான்க்கா, பயப்படாதீங்க, நான் காப்பாத்துறேன்" என்று தமிழில் பேசியிருக்கிறான். விசாரணை முடியும்வரை பணத்தைப் 'பாதுகாப்புக் கணக்கில்' போட வேண்டுமாம். கைப்பேசி வழியாக ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம், கணவர் விட்டுப்போன சேமநிதிப் பணம். அதை மாற்றத்தான் வங்கிக்குப் புறப்பட்டிருக்கிறார்.

கைப்பேசியைப் பிடுங்கினேன். "யாருய்யா நீ? எந்த ஸ்டேஷன்?"

"போலீஸ் வேலையில தலையிடாதீங்க." பிறகு குரல் குழைந்தது. "பேச்சே வேற மாதிரி இருக்கே. இந்தியாவாக்கா நீங்க? விசா நம்பர் சொல்லுங்க பார்ப்போம்."

என் கணவர் பேரில் எனக்குக் கிடைத்த விசா, ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப் போய்க் கைகட்டி நிற்கும் வரிசை, எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. என் பேச்சை வைத்தே என் பயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். அந்தப் பயம்தான் எனக்கு ஆத்திரமாக மாறியது.

"பேரையும் ஸ்டேஷனையும் சொல்லுடா. ரெண்டு பேரும் நேர்ல வர்றோம். எந்தப் போலீஸ்டா போன்ல பணம் கேக்குது?"

காது கூசும்படி ஒரு தமிழ் வசவு. அழைப்பு அறுந்தது.

எங்கள் ஊரிலும் ஏமாற்றுக்காரன் இருந்தான். சிங்கப்பூர் வேலை என்று என் அண்ணனிடம் காசு வாங்கித் தின்றவன் அடுத்த தெருக்காரன்தான். ஆனால் அவனுக்கு ஒரு வீடு இருந்தது, பிடித்து உலுக்க ஒரு சட்டை இருந்தது. தெருவே திரண்டு போய் வாசலில் நின்றோம். இவனுக்கு வாசல் ஏது?

வங்கி அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொன்னோம். சேமநிதி தப்பியது. முதலில் போனது போனதுதான். காவல் நிலையத்தில் எங்கள் புகாரை எழுதிக்கொண்ட மலாய்க்காரப் போலீஸ்காரர் அக்காவையும் என்னையும் பார்த்து, "அடிக்?" என்றார்.

"இல்ல சார், யாரும் அடிக்கல. போன்லதான் மிரட்டுனாங்க" என்றேன்.

அன்று முதல்முறையாக அக்கா சிரித்தார். "தங்கச்சியான்னு கேக்குறாரு லா." பிறகு அவரிடம் திரும்பி, "யா, அடிக் சாயா" என்றார். ஆமாம், என் தங்கச்சி.

மறுநாள் வந்த உறவினர்கள் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்படி நம்புனீங்க?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடனைக் கேட்க வேண்டிய கேள்வியைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிறார்கள். இப்படிக் கேட்பீர்கள் என்று தெரிந்துதானே அவன் 'யாரிடமும் சொல்லாதே' என்கிறான்? அக்கா முட்டாள் அல்ல. மிரட்டலுக்கு நடுவே தாய்மொழி கேட்டதும் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஊரில் இருப்பவர்களே, என்னைப் போல வந்தவர்களே, நீங்களும் அப்படித்தான் பிடித்துக்கொள்வீர்கள். அழைப்பைத் துண்டியுங்கள். அவன் தரும் எண்ணை நம்பாமல் நீங்களே எண் தேடிக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.

போன ஞாயிறு மீன் வாங்க சுங்கை செம்பிலாங் போயிருந்தேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்த வியாபாரி என் பேச்சைக் கேட்டுத் தலை நிமிர்ந்தார். "இந்தியாவாக்கா? எங்க பாட்டனும் புதுக்கோட்டைப் பக்கம்தான். நீங்க எந்த ஊரு?"

முன்பென்றால் மீனை மறந்து அரைமணி நேரம் பேசியிருப்பேன். முகம் தானாக மலர்ந்தது. அறந்தாங்கி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டு, மீன் என்ன விலை என்று கேட்டேன்.