மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும் விமானம்

என் மகள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு துணை விமானியாக வேலைக்குச் சேர்ந்தபோது, முதலமடையில் எங்கள் மாந்தோப்புக்கு வந்துபோகிற வியாபாரிகள் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். என் மனைவியை ஒருவரும் வாழ்த்தவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் வாழ்த்துகிற துணிச்சல் யாருக்கும் வந்திருக்காது. துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

மகள் ஓட்டியது பெங்களூருக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெடும்பாசேரிக்கும் நடுவே போய்வரும் சின்ன விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய விசிறிகள் சுற்றும். பக்கத்தில் மூத்த விமானி உட்கார்ந்து சில மாதம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பரீட்சை வைப்பார்கள். அதில் தேறினால்தான் வேலை நிலைக்கும். அந்த விமானம் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் தெற்கே போகும் என்று தெரிந்த நாளிலிருந்து மனைவிக்கு அண்ணாந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்தவன் நான்.

முதலில் போனில் விமானம் காட்டும் வரைபடத்தை வைத்துக் கொடுத்தேன். ஒருநாள் நெட் போய்விட்டது. திரையில் மகளின் விமானம் மலைக்கு மேலே அரைமணி நேரம் நகராமல் நின்றது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெட் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் அவள் சரியாகவில்லை.

"அடுத்தவன் காட்டற படத்தை இனி நான் நம்ப மாட்டனுங்க" என்றாள்.

அதனால்தான் ரிசீவர் வாங்கினேன். விமானம் ஒவ்வொன்றும் தான் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. முழங்கை நீள ஆன்டெனா ஒன்றை மாடியில் வைத்தால் அது கேட்கும். கீழே ஒரு சிறிய பெட்டி அதை வரைபடமாக்கி, கம்பியில்லாமல் ஒரு திரைக்கு அனுப்பும். நெட் வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம். நம் வீட்டு மேலேயே பிடிக்கிறது என்றால் நம்பலாம் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பெரிய காரியம் சாதித்த நினைப்பு எனக்கு.

சாதித்தது என்னவென்றால், இருந்த பயத்தை இரண்டு மடங்காக்கியதுதான். மகளின் விமானம் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டும், கொல்லங்கோட்டை நெருங்கும், நெல்லியாம்பதி மலை மேலே வந்ததும் திரையிலிருந்து காணாமல் போய்விடும். தினமும் அதே இடத்தில். நாளெல்லாம் சேர்த்தால் எங்கள் திரையில் வருவது ஏழெட்டு விமானம்தான். அதிலும் மலைவரை போய் மறைவது எங்கள் மகளுடையது மட்டும். மறைந்த நொடியில் மனைவி போனை எடுத்துவிடுவாள். அங்கே இறங்கிப் போனை ஆன் செய்தால் பதினோரு மிஸ்டு கால். பன்னிரண்டாவதை மகள் எடுத்தால் இங்கே அழுகை.

ஒருநாள் மகள் என்னிடம் தனியாகப் போனில் பேசினாள்.

"அப்பா, மாங்கா சீசன்லதான் எனக்குக் கடைசி டெஸ்ட்டுங்ப்பா. அம்மா அழுகறதக் காதுல வெச்சுட்டு என்னால ஓட்ட முடியல. போன வாரம் எறங்கறப்ப கேப்டன் ரெண்டு தடவ என்னத் திருத்தினாரு. இது இப்படியே போச்சுன்னா விட்டுட்டு ஊட்டுக்கே வந்தர்றனுங்ப்பா."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் செய்வாள், அதில் அவள் அம்மா மாதிரி. அன்றைக்கே முடிவு செய்தேன்: விமானம் தரையைத் தொடும்வரை என் திரையில் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு தோப்பில் மருந்தடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் நான் மாடியில்தான். ஜன்னல் வழியாக இழுத்திருந்த பழைய டிவி கேபிளை எடுத்துவிட்டுத் தடிமனான புதுக் கேபிள் போட்டேன். அது நீளமாக இருந்தால் பாதி சத்தம் வழியிலேயே கரைந்துவிடும் என்று படித்ததால், பெட்டியையே மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன். தண்ணீர் டேங்க் பக்கத்திலிருந்து தள்ளி, போர்வெல்லுக்கு வாங்கி மீந்த பைப்பில் ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தினேன். மார்கழிக் காற்று கணவாய் வழியாக வந்து முதல் வாரமே பைப்பை வளைத்துப்போட்டது. இழுத்துக் கட்டி மறுபடி நிறுத்தினேன். அத்தனையும் செய்து ஒன்றிரண்டு விமானம் கூடியதோடு சரி.

எரிச்சலில் ஒருநாள் மொத்தத்தையும் இறக்கித் தரையில் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஆன்டெனாவின் நடுவில் மஞ்சள் துணி ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. முதல் தடவை நிறுத்துவதற்கு முன் மனைவி பொட்டு வைத்துக் கட்டியதுதான். எனக்கும் தெரியும். உள்ளே மஞ்சள் கிழங்கு இருக்கும் என்று நினைத்து, மழை படாமல் இருக்கட்டும் என்று நானே அதன்மேல் கருப்பு டேப்பும் ஒட்டியிருந்தேன். அவிழ்த்தால் செப்புத் தகடு. கோயிலில் பூஜை செய்து வாங்கிய தகட்டைச் சுருட்டி ஆன்டெனாவுக்கு இடுப்புப் பட்டை மாதிரி போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் மோட்டார், டெம்போ, மருந்தடிக்கும் மிஷின் எதற்கும் தகடு கட்டாமல் விட்டதில்லை. இதற்கு மட்டும் விடுவாளா? ஆனால் மோட்டாருக்குக் கட்டினால் ஒன்றும் ஆகாது. ஆன்டெனாவைச் சுற்றிச் செம்பு போட்டால் அது காதைப் பொத்தியதற்குச் சமம்.

எனக்கு வந்த கோபத்தில் மாடியிலிருந்தே கத்தினேன்.

"ரெண்டு மாசமா மாடியேறி மாடியேறி முட்டி தேஞ்சுபோச்சு! உள்ள தகடு இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?"

அவள் கீழே நின்று நெற்றிக்குக் கையை வைத்து என்னைப் பார்த்தாள். "நீங்க கேக்கவே இல்லீங்களே. அங்க கட்டினா புடிக்காதுன்னா பைப்புக்கு அடியில கட்டுங்க. சாமிக்கு மேல என்ன, கீழ என்ன?"

தகட்டைக் கும்பிட்டு எடுத்துப் பைப்பின் அடியில் கட்டினேன்.

மறுபடி நிறுத்திவிட்டுக் கீழே வந்து திரையைப் பார்த்தேன். திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒன்று, பெங்களூரிலிருந்து கிளம்பி வருவது ஒன்று, மேற்கே கடலுக்கு மேலே மூன்று. எண்ணி முடிப்பதற்குள் புதிதாக இரண்டு வந்தன. சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நம்ம புள்ள எறங்கறது தெரியுதுங்களா?"

தெரியவில்லை. மறுநாளும் மலையருகே வந்ததும் மறைந்தது. அதற்கடுத்த நாளும். காகிதத்தில் எங்கள் மாடியிலிருந்து மலை உச்சிக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே போகிற எதுவும் எங்களுக்குத் தெரியாது. விமானம் இறங்க இறங்க மலைக்குப் பின்னால் போகிறது. தென்னை மர உயரத்துக்குப் பைப் நட்டாலும் அதுதான் கதி. தோற்றுப்போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் மலைதான் மறைக்கிறது என்று விளக்கினேன்.

மாங்காய் இறங்கத் தொடங்கியது. தோப்பு ஷெட்டில் காய் தரம் பிரிக்கும் மேஜையின் ஓரத்தில் அந்தத் திரையை வைத்துக்கொண்டு அவள் வேலை பார்த்தாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். ஷெட்டுச் சுவரில் பாதிவரை, பெட்டிகளுக்கு மார்க் போடும் பேனாவால் வரிசையாக எழுதியிருந்தாள். விமானத்தின் வாலில் இருக்கும் பெயரில் கடைசி மூன்று எழுத்து, பக்கத்தில் ஒரு கோடு, சிலவற்றில் இரண்டு கோடு. எந்தப் பெட்டி எந்தத் தோப்புக் காய் என்று ஓர எழுத்தைப் பார்த்தே சொல்கிறவள் அவள்.

"இதென்ன?" என்றேன்.

"மலைகிட்ட மறையறதுக்கு ஒரு கோடு. அதே வண்டி திரும்ப மேல ஏறி வந்துச்சுன்னா இன்னொரு கோடு. முன்னெல்லாம் நம்ம புள்ளயோடது மட்டுந்தான் அங்க காணாமப் போகுதுன்னு நெனச்சனுங்க. இப்பப் பாத்தா அத்தனையும் அங்கதான் போகுது. போன அத்தனையும் வருது. இதோ இந்த ஒண்ணு மட்டும் மூணு நாளா வரல. நாலாம் நாள் வந்துருச்சு."

சுவரில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். விமானம் இறங்குவதைக் காட்ட நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். அவளுக்கு வேண்டியிருந்தது மற்ற விமானங்கள்.

பரீட்சை நாள் வந்தது. அன்று மதியமே மலை கறுத்துவிட்டது. கோடை மழை. திரையில் மகளின் விமானம் கொல்லங்கோட்டுக்கு மேலே நேராகப் போகாமல் வட்டம் போட்டது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். பிறகு மலைப் பக்கம் திரும்பி மறைந்தது. இடி எங்கள் தகரக் கூரையை உலுக்கியது. என்னையறியாமல் போனை எடுத்து மகளின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"போனை வைங்க" என்றாள் மனைவி.

"மழையைப் பாரு, எப்படிக் கொட்டுது!"

"மழையின்னா அவளுக்கு வேலை சாஸ்தி. அவ வேலையப் பாக்கட்டும். வைங்க."

வைத்தேன். அவள் காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். அடிபட்ட காய் இரண்டை நல்ல பெட்டியில் வைத்தாள். நான் எடுத்து வெளியே போட்டேன். இத்தனை மாதம் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்ததற்கு அப்போது வெட்கப்பட்டேன். பயம் எனக்கும் இருந்தது. பைப்பும் கேபிளும் இருந்ததால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் கழித்து மனைவியின் போன் அடித்தது. கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, என்னாச்சு? இன்னைக்கு ஒரு மிஸ்டு கால்கூட இல்ல. ஒடம்புக்கு ஏதாச்சுமா?" மகளின் குரலில்தான் பதற்றம்.

"ஒண்ணுமில்ல கண்ணு, காய் அடுக்கிட்டிருக்கறேன். எறங்கிட்டியா?"

"எறங்கிட்டனுங்ம்மா. நல்ல மழை. டெஸ்ட்டும் பாஸாயிருச்சு." பிறகு அவளே கேட்டாள். "நான் வேலைய விட்டுட்டு வந்தர்றேன்னு அப்பா உன்கிட்டச் சொன்னாங்களா?"

நான் சொல்லியிருக்கவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"இங்க வந்து என்ன பண்ணப் போற? காய் அடுக்க நாங்க இருக்கறோம்" என்றாள் போனில். பிறகு, "மறுக்கா எத்தன மணிக்குக் கண்ணு கெளம்பற?"

எப்போது இறங்குவாய் என்பதைத் தவிர வேறெதையும் அவள் இதுவரை கேட்டதில்லை. நான் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.