கப்பலுக்குப் பதில் தவளை

போன மாதம் என் மகன், நம் பெரிய பிக்கப்பைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தான். காரணமெல்லாம் நியாயமாகத்தான் சொன்னான். டீசலை மோர் மாதிரி குடிக்கிறது, பாகூர் கடைத்தெருவில் திருப்ப முடியவில்லை, பாதி நாள் பாதி லோடுதான் ஏறுகிறது. ஆகட்டும், பார்க்கலாம் என்று பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்று பயந்தேன். திடீரென்று யாராவது பீரோ ஏற்றச் சொன்னால் என்ன செய்வது? இரண்டு பீரோ ஏற்றச் சொன்னால்? எங்கள் ஊரில் ஒரே நாளில் இரண்டு பீரோ வாங்கிய ஆள் யாரும் இல்லை. அது எனக்குத் தெரியும். என் பயத்துக்குத் தெரியாது.

வண்டி சின்னதாகிறது என்றாலே எனக்கு ஆகாது. நாலாம் வகுப்பில் பிடித்த வியாதி இது. பிடித்த கதை அதைவிட வேடிக்கை.

அபிஷேகப்பாக்கத்தில் அப்போது எங்கள் வீட்டில் ஒரு பெரிய டெம்போ இருந்தது. பக்கப் பலகையெல்லாம் பச்சை, முகம் மட்டும் மஞ்சள். ஊரே அதைக் கப்பல் என்றுதான் சொல்லும். நெல் மூட்டை, உர மூட்டை, பெண் வீட்டுக்காரர்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், எல்லாமே அதில்தான் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாசி மகத்தன்று எங்கள் ஊர் அம்மன் அதில்தான் கடலுக்குப் போவாள். பூரணாங்குப்பத்தைத் தாண்டிக் கடற்கரையில் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் வந்து தீர்த்தவாரி நடக்கும். கப்பலின் நடுவில் அம்மன், சுற்றிலும் பூசாரி, மேளம், ஊர்ப் பெரியவர்கள், அவர்களுடைய பேரப் பிள்ளைகள். ஏறிய பிறகும் இடம் மிச்சம் இருக்கும்.

அந்த மிச்ச இடத்தைத்தான் நான் விற்றேன்.

பள்ளிக்கூடத்தில் மாசி மகத்துக்கு ஒரு மாதம் முன்பே என் வியாபாரம் தொடங்கிவிடும். பலகை ஓரமாக நின்று வர ஒரு கொய்யாப்பழம். டிரைவர் அறையின் தலைமேல் உட்கார்ந்து வர ஒரு பம்பரம், ஆணி வளையாததாக இருக்க வேண்டும். அம்மனுக்கு வலது கைப்பக்கம் என்றால் அதற்குத் தனி விலை. அந்த வருஷம் வலது கைப்பக்கத்தை மூன்று பேருக்குக் கொடுத்திருந்தேன். மூவரும் என்னைவிடப் பலசாலிகள். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு அந்த எண்ணம் வந்தது. உறுவையாற்றில் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவருக்குப் பெரிய வண்டி வேண்டியிருந்தது. அவரிடம் மூன்று சக்கரச் சின்ன டெம்போ ஒன்று இருந்தது. கரும்பெல்லாம் டிராக்டருக்குப் போய்விட்டது, நமக்கு வருவதெல்லாம் நாலு மூட்டை, ஐந்து மூட்டைதான், அதையும் தெருவுக்குள் கொண்டுபோக முடியாமல் ரோட்டிலேயே நிறுத்தித் தலைச்சுமையாக இறக்க வேண்டியிருக்கிறது என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அரிசி புடைத்தபடியே, மாற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். எங்கள் பக்கம் மாடு மாற்றினாலும் வண்டி மாற்றினாலும் உடனே கைமாற்றிவிட மாட்டார்கள். ஒரு வாரம் உன்னுடையதை நான் ஓட்டுகிறேன், என்னுடையதை நீ ஓட்டு, மனசுக்குப் பிடித்தால் பேசி முடிப்போம் என்பதுதான் வழக்கம்.

அப்படி மாற்றிக்கொண்ட வாரத்தில்தான் மாசி மகம் வந்தது.

கப்பல் போய், எங்கள் வாசலில் அந்தச் சின்ன வண்டி வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்னால் ஒரே ஒரு சக்கரம். இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்த விளக்குகள். ஸ்டார்ட் செய்தால் உடம்பெல்லாம் குலுங்கி, ஒரு தத்துத் தத்தித்தான் கிளம்பும். நானே அதற்குத் தவளை என்று பேர் வைத்தேன். அம்மன், பூசாரி, ஒரு குடம் தண்ணீர். அதற்கு மேல் ஒரு கொய்யாப்பழம்கூட அதில் ஏறாது.

நேராகப் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். ஊர்க் கோயில் காரியமெல்லாம் அவர் கையில்தான். அம்மனை மூணு சக்கரத்தில் ஏற்றப்போகிறார்கள் பெரியப்பா, ஊர் மானமே போய்விடும் என்று, ஊர் மானத்தைத் தவிர வேறு கவலையே இல்லாதவன் மாதிரி சொன்னேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இவ்வளவு பெரிய ஆள் என் கட்சி என்பதில் எனக்கு நடையே மாறிவிட்டது.

எங்கள் வீட்டில் பேச்சு நீளமாக நடந்தது. ஒரு நாளைக்காவது கப்பலைத் திருப்பி வாங்கு என்றார் பெரியப்பா. அது கல் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போயிருக்கிறதே என்றார் அப்பா. டிராக்டர் சொல்லலாமா என்றால், ஊரில் இருக்கிற டிராக்டர் எல்லாம் கரும்பு ஆலை வாசலில் வரிசையில் நிற்கின்றன. கடைசியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். நாளைக்கு இந்த வண்டி அம்மனை நல்லபடியாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்த்தால் வைத்துக்கொள். நடுவில் எங்கேயாவது நின்றாலோ சாய்ந்தாலோ மறுநாள் காலையிலேயே கப்பலை ஓட்டிக்கொண்டு வா. அப்பா சரி என்றார். தவளை எங்கேயாவது மக்கர் பண்ண வேண்டும் என்று நான் அந்த அம்மனிடமே வேண்டிக்கொண்டேன். வண்டியில் போகப்போவது அவள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் எண்ணெய் வைத்துத் தலை சீவி வந்துவிட்டார்கள். தவளையைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். இந்த வருஷம் எல்லாரும் நடந்துதான் வர வேண்டும் என்று அம்மன் கனவில் சொல்லிவிட்டாள் என்றேன். யார் கனவில் என்று கேட்டான் பம்பரம் கொடுத்தவன். என் கனவில் என்றதுதான் நான் செய்த தவறு. வலது கைப்பக்கம் வாங்கிய மூவரும் அன்றைக்குத்தான் ஒருவருக்கொருவர் அறிமுகமானார்கள். ஊர் எல்லை வரைக்கும் நான் சாமிக்கு முன்னால் ஓடினேன். சின்ன வயசிலேயே பையனுக்கு இவ்வளவு பக்தியா என்று வழியில் ஒரு அம்மாள் மெச்சிக்கொண்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதிரி ஒரு மாசி மகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கப்பலில் போனால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். இந்தத் தடவை தவளை நடைவேகத்தில் தத்திப் போக, ஊரே அதைச் சுற்றி நடந்தது. மேளக்காரர்களுக்கு உட்கார இடமில்லாததால் நின்று வாசித்தார்கள், நடந்து வாசித்தார்கள், பூரணாங்குப்பத்தை நெருங்கும்போது ஆடிக்கொண்டே வாசித்தார்கள். பெண்கள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்னைத் துரத்தியவர்கள்கூடத் துரத்துவதை மறந்து, ஏற்றத்தில் தவளை முனகும்போதெல்லாம் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார்கள்.

எங்கள் லோடுமேன் அண்ணனும் அன்றைக்குக் கூட்டத்தோடு நடந்தார். கழனி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த வாய்க்கால் தெருக்காரர் அவர். அந்தத் தெருவை ஊரில் காலனி என்பார்கள். வருஷா வருஷம் கப்பலைக் கழுவி, வாழை மரம் கட்டி, அம்மனின் பீடத்துக்குக் கயிறெல்லாம் முடிந்து கொடுத்துவிட்டு அவர் கீழே இறங்கிக்கொள்வார். வண்டிக்குப் பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு கடல் வரைக்கும் வருவார். சைக்கிள் ஓட்டுவதில் மனுஷனுக்கு இவ்வளவு ஆசையா என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

தீர்த்தவாரி முடிந்து, வெயில் தாழத் திரும்பினோம். தவளை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஊர் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தூரம்தான், கப்பல் போயே போய்விட்டது என்று நினைத்த நேரத்தில் அம்மன் என் பக்கம் திரும்பினாள். ஊருக்குள் நுழையும் வளைவில் ஒரு கரும்பு டிராக்டர் அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கரும்பு மலை மாதிரி சரிந்து கிடந்தது. அதை அள்ளி முடிக்க இருட்டிவிடும். விளக்கு வைப்பதற்குள் அம்மன் கோயிலுக்குள் போயாக வேண்டும்.

வேறு வழி ஒன்று இருந்தது. வாய்க்கால் தெருவுக்குள் புகுந்து, மறுமுனையில் ஏறினால் கோயில் வாசல். அந்தத் தெருக்காரர்கள் வருஷா வருஷம், அம்மன் எங்கள் பக்கமும் ஒரு தடவை வரட்டும் என்று கேட்பார்கள். பெரியப்பாவும் வருஷா வருஷம் ஒரே பதில்தான் சொல்வார். வரலாம்தான், ஆனால் வண்டி உள்ளே திரும்பாது. அது உண்மைதான். கப்பல் அந்த முனையில் திரும்பவே திரும்பாது.

இப்போது எல்லாருடைய கண்ணும் தெரு முனையைப் பார்த்தது. பிறகு தவளையைப் பார்த்தது. மேளம் தானாகவே நின்றுவிட்டது. தெரு முனையில் அந்தத் தெருக்காரர்கள் சிலர் நின்றார்கள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியப்பாதான் முதலில் பேசினார். "கரும்ப அள்ளட்டும். இருப்போம். வண்டி உள்ள திரும்பாது."

"திரும்பும்ணே," என்றார் அப்பா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கோ உயிரே போயிற்று. திரும்பிவிட்டால் தவளை ஜெயித்துவிடும். பம்பரம், கொய்யா, வருங்கால வியாபாரம், எல்லாம் போய்விடும். கூட்டத்துக்கு நடுவிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். "திரும்பாதுப்பா, திரும்பவே திரும்பாது!"

பெரியப்பா என் தலையில் கை வைத்து, பையனுக்கே தெரிகிறது பார் என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அப்போதுதான் அம்மா, வழக்கமாகக் கூட்டத்தின் கடைசியில் வருகிறவள், இடுப்பில் இருந்த தங்கையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எல்லாரையும் தாண்டி முன்னால் வந்தாள். வாய்க்கால் தெருவுக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போய், என்ன இன்னும் நிற்கிறீர்கள் என்பது போலத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மூன்று பெண்கள் பின்னாலேயே போனார்கள். அப்புறம் நிறையப் பேர் போனார்கள்.

லோடுமேன் அண்ணன் வண்டிக்கு முன்னால் போய் நின்று கையைத் தூக்கினார். மற்ற நேரமெல்லாம் அப்பாவை வாங்க, போங்க என்பவர், வண்டிக்கு வழி காட்டும்போது மட்டும் வா, போ என்றுதான் சொல்வார். அந்தத் தொழிலுக்கு அதுதான் மரியாதை. "வா, வா, இன்னும் வா. ஒடி. லெப்டுல ஸ்டியரிங்க ஒடி. சுவரப் பாக்காத, என்னைப் பாரு. வா." தவளை ஒரு தத்துத் தத்தியது. முன்சக்கரம் நின்ற இடத்திலேயே திரும்பிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அம்மன் தெருவுக்குள் இருந்தாள்.

அந்தத் தெருவில் யாரும் எதற்கும் தயாராக இல்லை. அம்மன் வருவாள் என்று யார் நினைத்தார்கள்? ஒரு ஆயா டிபன் பாக்ஸ் மூடியில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தாள். தேங்காய் கிடைக்காத வீட்டில் ஒருத்தி, மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த இளநீரைச் சீவி நீட்டினாள். ஒருவர் பாதிச் சவரத்தில், ஒரு கன்னம் நுரையோடு, கைகூப்பி நின்றார். பூசாரி அந்த டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். அங்கே மாசி நிலா கிளம்பிக்கொண்டிருந்தது. பூசாரி குனிந்து மூடியை வாங்கி அம்மனுக்குக் காட்டினார்.

அதோடு மேளம் பிடித்துக்கொண்டது. தெருப் பிள்ளைகள் தவளையின் இரண்டு பக்கமும் தொற்றிக்கொண்டார்கள். அப்பா ஒருவரையும் இறங்கச் சொல்லவில்லை. கொய்யாவும் கிடையாது, பம்பரமும் கிடையாது, எல்லாரும் சும்மா ஏறினார்கள். என் தொழில் என் கண்முன்னால் நாசமாகிக்கொண்டிருந்தது. லோடுமேன் அண்ணன் மட்டும் தன் வீட்டு வாசல் வந்ததும் கை காட்டுவதை மறந்து அப்படியே நின்றுவிட்டார். அவர் நகர்கிற வரைக்கும் அப்பாவும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். இவ்வளவு நேரம் எதற்கு நிற்கிறார்கள் என்று நான் எரிச்சல்பட்டேன்.

விளக்கு வைப்பதற்குள் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரியே பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். அதை அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்ற தவளையை ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். எப்படியும் இவர் விடமாட்டார், நாளைக்குக் கப்பல் வந்துவிடும் என்று எனக்குக் கடைசி நம்பிக்கை.

"வண்டி ரொம்பச் சின்னது தம்பி," என்றார்.

"ஆமாண்ணே," என்றார் அப்பா. "அதனாலதான் வச்சிக்கலாம்னு பாக்குறேன். எல்லாத் தெருவுக்கும் போவுது."

பெரியப்பா காபியைக் குடிக்க ஆரம்பித்தார். அம்மா உள்ளே போய்ப் பாத்திரத்தை நகர்த்துகிற மாதிரி சிரித்தாள், அல்லது சிரிக்கிற மாதிரி பாத்திரத்தை நகர்த்தினாள். பெரியவர்கள் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இதைவிட்டால் எனக்கு வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று நானும் முன்னால் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இதன் ஹாரன்கூடச் சரியில்லை பெரியப்பா என்றேன்.