டீ நேரத்துக் கேள்வி

சேலம் அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு அம்மா பகலில் போன் செய்வதில்லை. சென்ற திங்கட்கிழமை செய்தார். "பாப்பாத்தியக்கா போயிட்டாங்க சாமி. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்."

ராசிபுரம் பக்கத்துக் கோழிப்பண்ணையில் அம்மாவுக்கு அடுத்து நின்று இருபது வருடம் முட்டை பிரித்தவர்கள் பாப்பாத்தி பெரியம்மா. இரண்டு முட்டைகளை மெல்லத் தட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் சத்தத்தில் கண்டுபிடித்துத் தனி அட்டையில் வைப்பார்கள். பள்ளி விடுமுறையில் அங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். "வாய்க்குள்ள முட்டையா வெச்சிருக்கற? பேசுனா ஒடஞ்சு போயிருமா?" நான் பட்டம் வாங்கிய போட்டோவைப் பண்ணை முழுக்கக் காட்டியதும் அவர்கள்தான்.

இரண்டு வருடம் முன்பு மாரியம்மன் பண்டிகையில், அம்மா மாவிளக்குத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, தூரமான நாளில் நிற்பதுபோல் கோயிலுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை. பெரியம்மா கேட்டார்கள். அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு தடவை லேசாக ரத்தம் பட்டது, உடம்புச் சூடு, வெந்தயம் சாப்பிடுகிறேன் என்று அம்மா மழுப்பினார்.

"எங்கக்காவும் சூடு சூடுன்னுதான் ஒரு வருசத்த ஓட்டுனா. அப்பறம் அவளே இல்ல. நின்னதுக்கப்பறம் ஒரு சொட்டுப் பட்டாலும் பாத்தரோணும்."

மறுநாளே லீவு போட்டு எங்கள் இருவரையும் சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

டாக்டர் விசாரித்தபோது அம்மா சுவரைப் பார்த்தார். பெரியம்மா என் முதுகில் கை வைத்தார்கள். "நீ சொல்லு சாமி. ஒடயாது."

சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையின் உட்புறத்தில் சிறிது சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். பலருக்கு இது வேறு சின்னக் காரணமாக இருக்கும், பார்த்தால்தான் தெரியும், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டர். கர்ப்பப்பையை எடுத்ததோடு அம்மாவுக்கு வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. அதிக எடையும் சர்க்கரையும் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் என்று கேட்டதிலிருந்து பெரியம்மா யாருடைய வண்டியிலும் ஏறவில்லை. உடம்பு தேறிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்கு நடந்தே போனார்கள்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், ஆண்கள் லாரியில் லோடு ஏற்றப் போயிருக்கும் டீ நேரத்தில், ஐம்பது தாண்டிய பெண்களிடம் கேட்பார்கள்: "ஏனுங்க, யாருக்காச்சும் ஏதாச்சும் பட்டுதுங்களா?" பாப்பாத்தி டாக்டர் வந்துவிட்டார் என்று முதலில் சிரித்தார்கள். பிறகு பதில் சொன்னார்கள்.

நேற்று பண்ணைக்குப் போனேன். பெரியம்மா நின்ற இடத்தில் காலி அட்டைகள் அப்படியே இருந்தன. டீ வந்தது. ஆண்கள் லோடு ஏற்றப் போயிருந்தார்கள். மாதத்தின் முதல் வாரம். பெரியம்மாவின் கேள்வியை நான்தான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் கேட்டேன்.

ஓரத்தில் இருந்த சரோஜா அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "போன மாசம் ஒருக்கா பட்டுது கண்ணு. பாப்பாத்திகிட்டச் சொல்லோணும்னு இருந்தேன்."

நாளைக் காலையில் நானும் அவரும் ராசிபுரத்தில் சேலம் பஸ் ஏறுகிறோம். போயிட்டு வாரேனுங்க, பெரியம்மா.